சந்தோஷத்துக்கும் புளியங்கொட்டை

மன்னார்த் தீவில் என்னை இன்றைக்கும் சிலர் "கவலை மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து, "கவலை மிஸ், சுகமா இருக்கிறீங்களோ?" என்று ஒரு குரல் வரும். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ பெரிய துக்கம் நடந்த வீட்டுப் பெண் என்று நினைத்து என் முகத்தைப் பரிவோடு பார்ப்பார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

பதின்மூன்று வருடம் நான் பார்த்த வேலைக்குக் கிடைத்த பெயர் அது. வளர்ந்தவர்களின் வாழ்க்கையில் நடக்கும் பெரிய சம்பவங்கள் அவர்களுடைய மனதை எவ்வளவு அலைக்கழிக்கின்றன என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, தாளில் பதிந்து, அளந்து கொடுப்பதுதான் வேலை. சென்ற மாதம், இப்போது அந்த வேலையைச் செய்யும் சுதர்சினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர்களுக்குக் கைக்கணினி கொடுத்துவிட்டார்களாம். விரலால் தட்டினால் அதுவே கூட்டி, ஆளுக்கு மனச்சுமை எவ்வளவு என்று சொல்லிவிடுமாம்.

"மிஸ், நீங்கள் புளியங்கொட்டையால அளந்தனீங்களாம். உண்மையோ?"

"ஓம் பிள்ளை."

"பகிடி விடாதேங்கோ மிஸ்."

பகிடி இல்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதப்போகிறேன்.

போர் முடிந்து, தெற்கே முசலிப் பக்கம் சனங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். நான் பேசாலையில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். வயது நாற்பத்தைந்து. தம்பி தங்கைகளைக் கரைசேர்த்ததில் என் கலியாணப் பேச்சு எங்கேயோ விடுபட்டுப்போயிருந்தது. மனநலக் கணிப்பு ஒன்றுக்கு வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்க ஆட்கள் தேவை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியிருந்த ஒரு நாளில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன்.

பத்து நாள் பயிற்சி. அதில் முக்கியமாகப் படித்தது ஒன்றுதான்: எல்லாக் கேள்வியையும் ஒரே குரலில் கேட்க வேண்டும். நான் "நெருங்கிய உறவினர் எவராவது இறந்தார்களா" என்பதைச் செத்த வீட்டுக் குரலிலும், "குழந்தை பிறந்ததா" என்பதைத் தாலாட்டுக் குரலிலும் கேட்டேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் யோகராணி கையைக் காட்டி நிறுத்தினா.

"நீங்கள் அழுதால் அவையும் அழுவினம். பிறகு நான் ஆரின்ர கவலையை அளக்கிறது? அவையின்ரயையோ, உங்கட கவலையையோ?"

டொக்டர் சின்ன உருவம். கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் படாது. பச்சை மைப் பேனையால்தான் எழுதுவா. எங்கள் பைகளைச் சோதித்து அழிறப்பர் இருந்தால் எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவா. "பிழையா எழுதினால் ஒரு கோடு கீறி, பக்கத்தில சரியானதை எழுதுங்கோ. ஒருத்தர் முதல்ல என்ன சொன்னவர், பிறகு ஏன் மாத்தினவர் எண்டது எனக்கு வேணும். அழிச்சால் அது போயிடும்." இன்னொரு விசேஷம், டொக்டர் சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டா. முகம் கல்லு மாதிரி இருக்கும், தோள் இரண்டும் மட்டும் குலுங்கும். அந்தத் தோள் குலுங்குவதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் வேலையைத் திருத்தமாகச் செய்தோம் என்று சொன்னால் அது பொய்யில்லை.

சம்பவப் பட்டியல் ஏதோ குளிர் நாட்டிலிருந்து வந்திருந்தது. அதைத் தமிழாக்கிச் சில வீடுகளில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். முதல் நாளே சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. "கடந்த ஒரு வருடத்தில் விடுமுறைக்காக வெளியூர் போனீர்களா?" என்று கேட்டேன். "இருபது வருசமா வெளியூரிலதான் இருந்தனாங்கள். இப்பதான் வந்திருக்கிறம்," என்றார் ஒருவர். "மேலதிகாரியுடன் தகராறு ஏதும் உண்டா?" என்று தலைமன்னாரில் ஒரு கடற்தொழிலாளியிடம் கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு மேல மாதா மட்டும்தான். அவவோட கொஞ்சம் தகராறு இருக்குத்தான். எழுதுங்கோ," என்றார். எழுதினேன். டொக்டரின் தோள் அன்றைக்கு நிற்கவேயில்லை.

ஆனால் சிரித்து முடிந்ததும் பட்டியலை மேசையில் போட்டுவிட்டு டொக்டர் சொன்னா: "இது எங்கட சனத்தின்ர பட்டியல் இல்லை. ஒவ்வொரு சம்பவமும் எவ்வளவு பாரம் எண்டு இந்தச் சனமே சொல்லட்டும்."

அப்படித்தான் புளியங்கொட்டை வந்தது.

பேசாலையில் ஒரு மண்டபத்தில் பன்னிரண்டு பெண்களைப் பாயில் இருத்தினோம். ஆளுக்கு ஒரு குவியல் புளியங்கொட்டை, ஒரு சிரட்டை. ஒவ்வொரு சம்பவத்தையும் நான் வாசிப்பேன். அது வந்தால் வாழ்க்கை பழையபடி ஒழுங்குக்கு வருவதற்கு எவ்வளவு பாடு என்று யோசித்து, அதற்கு ஏற்றபடி சிரட்டைக்குள் கொட்டை போட வேண்டும். ஒருவர் மற்றவருடையதைப் பார்க்கக் கூடாது. நான் எண்ணிப் பதிவேன். எழுத்துத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய முறை. பல இடங்களில் செய்து பார்த்தோம், நன்றாகவே வேலை செய்தது.

பேசாலையில் செய்த ஒரே பிழை, வெரோனிக்கா மாமியையும் அவவின் மருமகள் ஜெசிந்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தியது.

"மாமியாருடன் பிரச்சினை" என்று வாசித்தேன். பதினொரு பெண்களும் ஜெசிந்தாவின் கையைப் பார்த்தார்கள். அவள் வேர்த்து விறுவிறுத்து, ஒரேயொரு கொட்டையை எடுத்துச் சத்தம் வராமல் சிரட்டைக்குள் வைத்தாள்.

வெரோனிக்கா மாமி எட்டிப் பார்த்தா. முகம் கறுத்துவிட்டது.

"ஒண்டோ? பதினொரு வருசமா உன்னோட மல்லுக்கட்டுறன். அதுக்கு ஒண்டுதானோ?"

"இல்லை மாமி, மரியாதைக்கு..."

"மரியாதையும் மண்ணாங்கட்டியும். உள்ளதைப் போடடி."

ஜெசிந்தா மாமியின் முகத்தைப் பார்த்தாள், டொக்டரைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையாலும் அள்ளிச் சிரட்டைக்குள் கொட்டினாள். மாமி திருப்தியாகத் தலையாட்டினா. நான் எண்ணி முடிக்க முன்னரே எல்லோரும் சிரித்துப் பாயில் சரிந்துவிட்டார்கள். டொக்டர் பச்சைப் பேனையால் எழுதியதை நான் பிறகு பார்த்தேன்: "முதலில் ஒன்று. பின்னர், மாமியின் வேண்டுகோளின் பேரில், இருபத்தாறு." அழிக்கவில்லை.

அந்தக் கூட்டத்திலேதான் பெண்கள் தாங்களாகவே ஒரு சம்பவத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். சோளகக் காற்றுக்குக் கடல் போக முடியாமல் புருஷன் கிழமைக்கணக்கில் வீட்டில் இருப்பது. அதற்குப் போட்ட கொட்டை வீடு மாறுவதற்குப் போட்டதைவிடக் கூட. இன்னொன்றும் நடந்தது. "பிள்ளைக்குக் கலியாணம்" என்று வாசித்தபோது சிரட்டைகள் நிரம்பின. டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டா, "இது சந்தோஷமான விஷயமல்லோ?"

"சந்தோசம் எண்டால் சும்மாவே வருகுது டொக்டர்?" என்றா வெரோனிக்கா மாமி. "ஆளைப் போட்டு உலுப்பிப்போட்டுத்தானே போகுது."

டொக்டர் சிரிக்கவில்லை. நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தா.

முறை முடிவானதும் வேலைக்கு இறங்கினோம். ஒரு ஆளுக்கு இரண்டு தாள். முதலாவதில் கடந்த ஒரு வருடத்தில் நடந்த சம்பவங்கள். ஒரு வருடம் என்றால் சனங்களுக்குக் குழம்பும். ஆகவே கத்தோலிக்க வீடுகளில் "போன மடுத் திருவிழாவிலயிருந்து இந்த மடுத் திருவிழா வரைக்கும்" என்போம். நெல்லுக் கிராமங்களில் சிவராத்திரி, முஸ்லிம் வீடுகளில் நோன்புப் பெருநாள். இரண்டாவது தாளில் நித்திரை, பசி, தலைச்சுற்று, அழுகை, கடைசியாக, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்ததுண்டா என்பது. கடைசிக் கேள்விக்கு "ஓம்" வந்தால் சட்டம் மூன்று: தாளை மூடு, ஆளைத் தனியே விடாதே, உடனே டொக்டருக்குச் சொல். இன்னொரு சட்டம், ஆளோடு தனியாகக் கதைக்க வேண்டும். "பக்கத்தில இன்னொராள் இருந்தால் அது பேட்டி இல்லை, கூட்டம்," என்பா டொக்டர்.

இரண்டாம் வருடம் முசலிப் பக்கம் கொண்டச்சிக்குப் போனோம். வான் ஓட்டியது அன்ரன், வங்காலை ஆள், மனைவியை இழந்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அதிகம் கதைக்காதவர். நாங்கள் போன வீட்டுப் பெண்ணைப் பரீதா என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் அதல்ல. எழுதுவதற்குச் சம்மதம் தந்து, "பேரை மட்டும் மாத்துங்க, அழகான பேரா வைங்க," என்று சொன்னவ.

பரீதாவுக்கு அப்போது ஐம்பது வயது. போர்க்காலத்தில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளம் பக்கம் ஓலைக் குடிசை வரிசை ஒன்றில் இருபது வருடம் இருந்து, திரும்பி வந்த குடும்பம். புது வீடு, புதுக் கிணறு, சுவரில் பூச்சு மணம் போகவில்லை. கணவர் ஹமீது எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கேளுங்க மிஸ், என்ன வேணுமெண்டாலும் கேளுங்க. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை."

அவர் இருந்தால் கூட்டம்தான். நான் அன்ரனைப் பார்த்தேன். அன்ரன் தொண்டையைச் செருமி, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில், "நானா, உங்கட ஆடு நல்ல இனம் போல கிடக்கு," என்றார். அவ்வளவுதான். ஹமீது நானா அவரைக் கூட்டிக்கொண்டு பட்டிப் பக்கம் போய்விட்டார்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். வீடு மாறினீர்களா? ஓம், அல்ஹம்துலில்லாஹ். மகளுக்குக் கலியாணம்? ஓம், மாப்பிள்ளை நல்ல பிள்ளை, வவுனியாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். மகனுக்கு வேலை? ஓம், கொழும்பில். பேரப்பிள்ளை? ஓம், மூத்த மகளுக்கு. கணவருக்குப் புதுத் தொழில்? ஓம், சொந்தக் காணியில் செய்கை. ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு அல்ஹம்துலில்லாஹ். என் கை தானாகச் சரி அடையாளம் போட்டுக்கொண்டே போனது. எனக்கே தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு தாள் நிறைய நல்லது நடந்த வீட்டை நான் அதுவரை கண்டதில்லை.

இரண்டாவது தாளை எடுத்தேன்.

நித்திரை? இல்லை. பசி? இல்லை. தலைச்சுற்று? "எழும்பினா வீடே சுத்துது மிஸ். பிறசர் எண்டு பார்த்தாங்க, சீனி எண்டு பார்த்தாங்க. ஒண்டும் இல்லையாம்." அழுகை? "அவர் வெளிய போனாப் பிறகு."

கடைசிக் கேள்வியை அதே குரலில் வாசித்தேன். பரீதா என் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"இதுக்கு ஓம் எண்டு சொன்னா எழுதுவீங்களா?"

"எழுதுவன்."

"அவருக்குச் சொல்லுவீங்களா?"

"நீங்கள் விடாமல் அவருக்குச் சொல்லமாட்டன். ஆனால் எங்கட டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும்."

பரீதா ஜன்னலால் கிணற்றுப் பக்கம் பார்த்தா. பிறகு, "அந்தக் கிணத்தடிக்குத் தனியப் போகப் பயமா இருக்கு மிஸ்," என்றா. "ஊரே என்னைப் பார்த்து நசீப், குடுத்து வச்சவ எண்டு சொல்லுது. இவ்வளவு கிடைச்சும் அழுதா நான் நன்றி கெட்டவளா ஆயிடுவேன். யாருட்டச் சொல்லுறது?"

என் குரலை அப்படியே வைத்திருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். தாளை மூடினேன். தொலைபேசியை எடுத்தால் சிக்னல் இல்லை. "சிக்னல் வேணுமெண்டா அந்த டிரக்டர் பெட்டியில ஏறோணும்," என்று பரீதா முற்றத்தில் நின்ற உழவு இயந்திரத்தின் பின்பெட்டியைக் காட்டினா. அவவைத் தனியே விட்டு ஏறவும் கூடாது.

"அப்ப என்னோட நீங்களும் ஏறுங்கோ," என்றேன்.

தலைச்சுற்று உள்ள பெண்ணும், சேலை உடுத்த நானும் டிரக்டர் பெட்டியில் ஏறிய கதையை விரிவாக எழுத என் கௌரவம் இடம் தரவில்லை. பரீதாவின் கையை நான் பிடிக்க, என் இடுப்பை அவ பிடிக்க, சத்தம் கேட்டு ஓடிவந்த அன்ரன் பெட்டி ஆடாமல் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்க, நான் தொலைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துக் கத்தினேன்.

"பக்கத்தில நிக்கிறாவோ?" என்றது டொக்டரின் குரல்.

"ஓம் டொக்டர். கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

"எங்க நிக்கிறீங்கள்?"

"டிரக்டர் பெட்டிக்கு மேல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. தோள் குலுங்கியிருக்கும். பிறகு, "அன்ரனை அனுப்புங்கோ. நான் வாறன். அதுவரைக்கும் அவவோட இருங்கோ," என்றா.

அன்ரன் போய் டொக்டரைக் கூட்டிவர மூன்று மணித்தியாலம் பிடித்தது. அந்த மூன்று மணித்தியாலமும் பரீதா கதைத்தா. குடிசை வரிசையைப் பற்றி, பக்கத்துக் குடிசையில் அக்கா மாதிரி இருந்த சகீனா லாத்தாவைப் பற்றி, ஒரு கிணற்றில் பத்துப் பெண்கள் சண்டை பிடித்துக்கொண்டு தண்ணீர் அள்ளியதைப் பற்றி. அந்தச் சண்டைகளைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. இடையில் எனக்குப் பசிக்கும் என்று நினைத்து மீன் ஆணம் காய்ச்சினா. காய்ச்சியதில் தானும் இரண்டு வாய் சாப்பிட்டா.

டொக்டர் வந்து பாயில் இருந்தா. முதலில் பரீதாவோடு தனியாகக் கதைத்தா. பிறகு என்னைக் கூப்பிட்டு, ஆட்களுக்குக் காட்டக் கூடாத முதலாவது தாளை, அன்றைக்கு முதன்முதலாகப் பரீதாவுக்குக் காட்டச் சொன்னா.

"இதைப் பாருங்கோ. இதெல்லாம் ஒரு பெருநாளுக்கும் அடுத்த பெருநாளுக்கும் இடையில வந்தது. பேசாலைப் பொம்பிளையள் சந்தோஷத்துக்கும் புளியங்கொட்டை போட்டு அளந்தவை. அதை வைச்சுக் கூட்டினால், கடலில ஆளைப் பறிகுடுத்த வீட்டுக்காரற்ற பாரம் உங்களுக்கும் இருக்கு. நீங்கள் நன்றி கெட்டவ இல்லை. களைச்சுப்போனீங்கள்."

பரீதா தாளையும் டொக்டரையும் மாறி மாறிப் பார்த்தா.

"சந்தோசத்துக்கும் கணக்கு இருக்கா?"

"ஓம்."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"இல்லை. வருத்தம். காய்ச்சல் மாதிரி, மருந்துக்கு மாறுற வருத்தம்."

பரீதா சிரித்தா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தா. அவவின் சம்மதத்தோடு ஹமீது நானாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். மனிதர் நிலைப்படியில் இருந்துவிட்டார்.

"நான் வீடு கட்டினது பிழையா டொக்டர்?"

"வீடு நல்ல வீடு. ஆனால் இவ இருபது வருசமா, பக்கத்தில ஆள் இருமினாலும் கேக்கிற இடத்தில இருந்தவ. இந்தச் சுவருக்குள்ள ஒருத்தற்ற இருமலும் கேக்குதில்லை."

மருந்து எழுதினா. கிழமைக்கு ஒரு தடவை நாங்கள் வருவதாகச் சொன்னா. கிணற்றடிக்குக் கொஞ்ச நாளைக்குத் தனியே விட வேண்டாம் என்றா. நாங்கள் புறப்படும்போது ஹமீது நானா டிரக்டர் பெட்டிமேல் நின்று புத்தளத்துக்குத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். "சகீனா லாத்தா, நாளைக்கே பஸ் ஏறுங்க. சீலை துணி எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க."

திரும்பி வரும்போது வெயில் சரிந்திருந்தது. டொக்டர் பின் ஆசனத்தில் கண்ணை மூடியிருந்தா. எனக்குள் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. ஒருவரைக் கையில் பிடித்து வைத்திருந்துவிட்டோம் என்ற அந்த உணர்வுக்கு எந்தத் தாளிலும் இலக்கம் இல்லை. சிலாவத்துறை தாண்டியதும் அன்ரன் வாயைத் திறந்தார்.

"ஒரு வருசமாக் கேக்க நினைச்சனான். பயமா இருந்தது. இண்டைக்கு உங்களை அந்தப் பெட்டிக்கு மேல கண்டாப் பிறகு, நான் ஏன் பயப்பிடுறன் எண்டு யோசிச்சன்."

"என்ன கேக்க?"

"கலியாணம் செய்வமோ எண்டு."

பின்னாலிருந்து, கண்ணைத் திறக்காமலே, டொக்டர் சொன்னா:

"அன்ரன், றோட்டைப் பாருங்கோ."

நான் உடனே பதில் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் அந்தக் கேள்வியை எந்தக் குரலில் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்ரனும் மறுபடி கேட்கவில்லை. கிழமைக்குக் கிழமை கொண்டச்சிக்குப் போனோம். சகீனா லாத்தா ஒரு மாதத்துக்கென்று வந்து, பின்வளவில் தனக்கொரு குடில் போடச் சொல்லிவிட்டா. வாசலிலேயே இரண்டு பேரும் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்கும். டொக்டரிடம் சொன்னேன். "நல்ல சத்தம்," என்றா.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது தடவை அளக்கிற நாள் வந்தது. அன்று காலை சிலாவத்துறையில் வானை நிறுத்தி அன்ரன் தேத்தண்ணி வாங்கி வந்தார். கோப்பையைக் கையில் வாங்கும்போது, "ஓம்," என்றேன். "என்ன ஓம்?" என்றார். "அண்டைக்குக் கேட்டதுக்கு." மனிதர் தேத்தண்ணியைத் தன் காலில் ஊற்றிக்கொண்டார்.

அந்தக் கோலத்தோடுதான் பரீதாவின் முன்னால் போய் இருந்தேன். நித்திரை வருகிறது என்றா. பசிக்கிறது. வீடு சுற்றவில்லை. கடைசிக் கேள்வியை நான் பாதி வாசிக்கும்போதே, "இல்லை மிஸ்," என்றா. முழுதும் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். முழுதும் வாசித்தேன். மறுபடியும், "இல்லை மிஸ், இல்லை," என்றா. பதிந்தேன். பதியும்போது என் எழுத்துக் கோணல்மாணலாகப் போனது.

பரீதா என்னை உற்றுப் பார்த்தா.

"உங்களுக்கு என்ன மிஸ், ஒரு மாதிரி இருக்கிறீங்க?"

பதின்மூன்று வருடத்தில் ஒரு நாள், ஒரேயொரு நாள், என் கதையைச் சொல்லக் கூடாது என்ற சட்டத்தை மீறினேன். "எனக்குக் கலியாணம்," என்றேன்.

பரீதா எழும்பி நின்றா. "லாத்தா, இஞ்ச வாங்க, மிஸ்ஸுக்குக் கலியாணமாம்." சகீனா லாத்தா அகப்பையோடு ஓடி வந்தா. யார், எந்த ஊர், என்ன தொழில் என்று நான் வாய் திறக்க முன்னரே இரண்டு பேருமாகக் கேட்டு, தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். அது போதாதென்று பரீதா ஜன்னலால் எட்டி, வானடியில் நனைந்த காற்சட்டையோடு நின்ற அன்ரனைக் கூப்பிட்டா.

"டிரைவர் தம்பி, சேதி தெரியுமா? மிஸ்ஸுக்குக் கலியாணமாம்."

அன்ரன் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "ஓம் லாத்தா," என்றார். "எனக்கும் சொல்லியிருக்கினம். மாப்பிள்ளையாக் கட்டாயம் வரட்டாம்."